வளர்த்த கையும் விற்கும் கையும்

அமெரிக்கக் கிராமங்களில் ஃபோர்-எச், எஃப்எஃப்ஏ போன்ற இளையோர் அமைப்புகளில் சேரும் பிள்ளைகள் கன்றையோ பன்றிக்குட்டியையோ வளர்த்து, வட்டாரக் கண்காட்சியில் போட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். இறைச்சிக்கென்று வளர்த்தது அங்கே ஏலம் போகும், பிறகு இறைச்சிக்கூடம். பெயர் வைத்து, குளிப்பாட்டி, தலைக்கயிறு பிடித்து நடக்கப் பழக்கிய உயிரைத் தானே சாவுக்கு அனுப்புவது அறமா?

விலங்குக்கு மனிதன் நேரடியாகக் கடன்பட்டவன் அல்லன் என்றார் தத்துவஞானி கான்ட். விலங்கை வதைத்துப் பழகியவன் மனிதரிடமும் கல்நெஞ்சனாவான் என்பதே அவர் சொன்ன காரணம். பிள்ளைகளின் குணம் வளரவே கால்நடை என்னும் பேச்சும் இதைப் போன்றதே. அது போதாது. பன்றிக்கு நம்மைப்போல் வியர்க்காது. ஆகஸ்ட் வெயிலில் தகரக் கொட்டகையில் வாய் திறந்து இரைக்கும்போது அதற்கு நிழலும் தண்ணீரும் வேண்டும். பையனின் குணத்துக்காக அல்ல, பன்றிக்காக. வலியை உணரும் எதுவும் அறத்தின் கணக்கில் வரும் என்று 1789-இல் வெளிவந்த நூலில் தத்துவஞானி பெந்தம் வாதிட்டது இதைத்தான். கொலராடோ அரசுப் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் ரோலின் இன்னும் ஒரு படி போனார்: மேய்ப்பவனுக்கும் மந்தைக்கும் இடையே பழைய ஒப்பந்தம் ஒன்று உண்டு, தொழிற்சாலைப் பண்ணை அதை முறித்துவிட்டது என்றார்.

இந்த ஒப்பந்தத்தில் மூன்றாவது ஆள் ஒருவரும் உண்டு: முகம் தெரியாமல் அந்த இறைச்சியைத் தின்பவர். இப்படிக் கால்நடை வளர்க்கும் 8 முதல் 21 வயது வரையுள்ளோருக்கான ஒய்கியூசிஏ என்னும் பயிற்சி, கால்நடை நலத்தோடு உணவுப் பாதுகாப்பையும் சேர்த்தே கற்பிக்கிறது. எந்த மருந்து, எவ்வளவு, எந்த நாள் என்று எழுதி வைப்பது, ஊசியைத் தொடையில் போடாமல் கழுத்தில் போடுவது, கை கழுவுவது எல்லாம் அதில் அடக்கம். கை கழுவுவது வெறும் சடங்கல்ல: 2012-இல் அங்கே பன்றிகளிடமிருந்து பரவிய காய்ச்சலில் பெரும்பாலும் கண்காட்சிக்குப் போன பிள்ளைகளே விழுந்தார்கள்.

உண்மையான சோதனை மருந்தில்தான் வருகிறது. கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது பன்றி இருமுகிறது, தீனி எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்டால் பதினான்கு நாள் கழித்தே இறைச்சிக்கு அனுப்பலாம் என்கிறது மருந்துச் சீட்டு. போட்டால் பல மாத உழைப்பின் ஏலம் போயிற்று. போடாவிட்டால் விலங்கு வேதனைப்படும். போட்டுவிட்டு மறைத்தால், சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒருவரின் தட்டில் மருந்து போய் விழும். ஊசி போட்டு, ஏலத்தை விடுவதே சரி. விலங்குக்குப் பட்ட கடனும் தின்பவருக்குப் பட்ட கடனும் இங்கே மோதவில்லை. இரண்டுக்கும் எதிரே நிற்பது பரிசு ஒன்றுதான்.

கொல்வதே தகாது என்போர் இந்த ஒப்பந்தத்தை ஏற்க மாட்டார்கள். விலங்கு எங்கே சம்மதித்தது என்று கேட்பார்கள். வலுவான கேள்வி. எந்தப் பயிற்சிப் பாடமும் அதற்கு விடை சொல்லிவிடவில்லை. ஆகவே ஏல நாளில் கொட்டகை மூலையில் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் சிறுமியிடம், “மாடுதானே, விடு” என்று பெரியவர்கள் தயவுசெய்து சொல்ல வேண்டாம்.