நல்லவன் கையில் தீய வித்தை

நன்மையை நாடும் ஒருவன், அந்த நன்மைக்காகவே தீமையின் ஆற்றலைக் கையில் எடுக்கலாமா? எடுத்த பின்னும் அவன் நல்லவனாகவே இருப்பானா? இந்த வினா புதியதன்று. ஆனால் இதனைத் தாளும் பென்சிலும் பகடையுமாக ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து வாதாடிக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக இருந்துவருகிறது என்பதை நம் வாசகர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவ்விளையாட்டை ஆடும் வாலிபர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வியை ஒட்டி அதன் விதிநூல்கள் சிலவற்றை ஊன்றிப் படிக்க நேர்ந்தது. மதரஸாவில் பிக்ஹுப் பாடத்தின்போது உஸ்தாதும் மாணவர்களும் தர்க்கித்துக்கொள்ளும் மஸ்அலாக்கள் பல, அங்கே வேறு உடை அணிந்து நிற்பதைக் கண்டேன்.

‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அந்த விளையாட்டின் பெயர். விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 1974 இல் வெளிவந்தது. ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர். சதுரங்கம் போலக் காய் வெட்டி வெல்வது இதில் இல்லை. ஒருவர் நடத்துநராக இருந்து, காடு, கோட்டை, எதிரி என்று நிலைமையை வருணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கற்பனை மனிதனை ஏற்று, அவன் என்ன செய்கிறான் என்பதை வாயால் சொல்வார்கள். முடிவு ஐயமானால் இருபது முகங்கள் கொண்ட பகடையை உருட்டுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்திற்கும் ஒரு குணச்சார்பு எழுதப்பட்டிருக்கும். தொடக்கத்தில் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என மூன்றே இருந்தன. 1978 இல் வந்த ஆட்டக்காரர் கைநூலில் நன்மையும் தீமையும் அவற்றின் குறுக்கே சேர்ந்து ஒன்பதாயின. 2008 இல் ஐந்தாகக் குறைந்து, 2014 இல் மீண்டும் ஒன்பதாக விரிந்தன. இதனை ஆடுவது கூடுமா, கூடாதா என்று பத்வாச் சொல்ல நான் இங்கு வரவில்லை. சூனியத்தின் ஹுக்மு என்ன என்பதும் யாவரும் அறிந்ததே. அக்கதைக்குள் எழும் தர்க்கம் மட்டுமே நம் பொருள்.

அந்த வாலிபரின் பாத்திரம் ஒரு மந்திரவாதி. தாளில் ‘நல்லவன்’ என்று எழுதப்பட்டவன். கொள்ளையர் ஒரு கிராமத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். காவலுக்கு ஆள் போதவில்லை. இவன் ஊர் இடுகாட்டிலிருந்து சில எலும்புக்கூடுகளை வித்தையால் எழுப்பி, மதிலோரம் நிறுத்திக் கிராமத்தைக் காத்துவிட்டான். ஒரு குழந்தைக்குக்கூட ஆபத்து வரவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோழர் ஒருவர், “நீ தீயவனாகிவிட்டாய், தாளில் சார்பை மாற்றி எழுது” என்றாராம். மற்றொருவர், “எண்ணம் நல்லதாக இருக்கும்போது செயல் எப்படித் தீயதாகும்?” என்றாராம். சச்சரவு முற்றி, இரண்டு வாரம் அவர்கள் ஒன்றுகூடவே இல்லை. கற்பனை எலும்புக்கூட்டுக்காக மெய்யான நட்பு முறிந்ததே என்று சிரிப்பவர் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவறு எது, சரி எது என்பதற்காக மனிதர்கள் இன்னும் மனம் கசந்துகொள்கிறார்களே என்று ஓரளவு ஆறுதலாகக்கூட இருந்தது.

விதிநூல்கள் என்ன சொல்கின்றன? 2003 ஆம் ஆண்டுப் பதிப்பில், பிணத்தை எழுப்பும் வித்தைக்கு ‘தீமை’ என்ற முத்திரையே குத்தப்பட்டிருக்கிறது. கருநிற ஓனிக்ஸ் கல் ஒன்றைப் பிணத்தின் வாயிலோ கண்குழியிலோ வைத்து அதைச் செய்ய வேண்டும். நன்மைச் சார்புள்ள குருமார் பாத்திரங்களுக்கு அது அறவே தடை. மந்திரவாதிக்கோ தடை இல்லை. அவன் செய்யலாம், ஆனால் செய்தது தீமைதான். 2014 ஆம் ஆண்டுப் பதிப்பு முத்திரையை எடுத்துவிட்டு, இது நற்செயலன்று, இதையே வாடிக்கையாக வைத்திருப்பவர்கள் தீயவர்கள்தாம் என்ற கருத்தில் ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்கிறது. ‘பாலடின்’ எனப்படும் அறப்போர் வீரனின் நிலைமையோ இன்னும் கடுமை. 2003 விதிப்படி அவன் மனமறிந்து ஒரேயொரு தீச்செயல் புரிந்தாலும் அவனுடைய ஆற்றல் முழுவதும் பறிபோகும். பிராயச்சித்தம் செய்து மீளலாம். அந்தப் பிராயச்சித்தத்திலும், அறியாமலோ பிறர் வற்புறுத்தலாலோ செய்தவனுக்கு ஒரு முறை, வேண்டுமென்றே செய்தவனுக்கு வேறு முறை என்று பிரித்திருக்கிறார்கள். நம் நூல்களில் ‘இக்ராஹ்’, அதாவது நிர்ப்பந்தம், என்ற பாடத்தைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான பாகுபாடு.

ஆனால் இவ்வளவு விதிகளையும் படித்து முடித்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாமே செய்தவனைப் பற்றியவை. அவனுடைய சார்பு மாறுமா, அவனுடைய ஆற்றல் போகுமா, அவன் கறைபட்டானா என்பனவே கேள்விகள். மேசையில் எழுந்த சச்சரவும் அதைப் பற்றியதே. ‘நீ நல்லவனா, தீயவனா’ என்று இரு கட்சியாகப் பிரிந்து நின்றவர்களில் ஒருவராவது, அந்த எலும்புகள் யாருடையவை என்று கேட்கவில்லை.

கேட்டிருந்தால் விடை அதே விதிநூலில் வேறொரு பக்கத்தில் கிடைத்திருக்கும். அந்தக் கற்பனை உலகில் இறந்தவரை உயிர்ப்பிக்கும் வித்தையும் உண்டு. 2003 பதிப்பில் அந்த வித்தைக்கு ஒரு வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது: நடைப்பிணமாக ஆக்கப்பட்டவரை அதனால் மீட்க முடியாது. அதைவிட உயர்ந்த, அரிதான, பெரும் பொருட்செலவுள்ள வித்தை வேண்டும். ஆகவே எலும்பை எழுப்பியவன் ஏதோ அருவருப்பான காரியம் செய்தான் என்பதோடு விஷயம் முடியவில்லை. இன்னொருவர் திரும்பி வருவதற்கிருந்த வாசலை அவன் அடைத்துவிட்டான். அவருக்கு ஒரு மனைவி இருக்கலாம், மகன் இருக்கலாம், காசு சேர்த்துக்கொண்டு காத்திருக்கலாம். இஃது அடியார்களின் உரிமை, ‘ஹுகூகுல் இபாத்’. இறைவனுக்கும் தனக்கும் இடையிலான பாவத்தை தவ்பாவினால் தீர்த்துக்கொள்ளலாம். பிறர் உரிமையில் கைவைத்ததை அந்தப் பிறரிடம்தான் தீர்க்க வேண்டும் என்பது நம்மில் சிறுவர்களுக்கும் தெரிந்த பாடம்.

“நிர்ப்பந்தம் ஆயிற்றே, கிராமமே அழிந்திருக்குமே” என்பார்கள். நியாயம். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமானதாக்கும் என்பது சட்ட அறிஞர்களின் பொது விதி. பட்டினியால் சாகக் கிடப்பவன் செத்த பிராணியின் இறைச்சியைத் தின்னலாம். இந்த விதியை எல்லாரும் நாவில் வைத்திருக்கிறார்கள். இதற்கு இரு தம்பிகள் உண்டு என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, நிர்ப்பந்தம் எந்த அளவோ அனுமதியும் அந்த அளவே. உயிர் தரிக்கும் மட்டும் தின்னலாம், விருந்து வைக்க முடியாது. மற்றொன்று, நிர்ப்பந்தம் பிறர் உரிமையை அழித்துவிடாது. பசியால் துடித்தவன் அடுத்தவனுடைய ரொட்டியை எடுத்துத் தின்றால் பாவம் இல்லை. ஆயினும் அதன் விலையை அவன் கொடுத்தாக வேண்டும் என்பதே ஹனபி, ஷாபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலையும். இன்னும் ஒரு படி மேலே போய், ‘இவனைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன்’ என்று கத்தியை வைத்து மிரட்டினாலும் குற்றமற்றவனைக் கொல்ல அனுமதியில்லை என்பதில் உலமாக்கள் ஒருமித்திருக்கிறார்கள். தன் உயிர் அடுத்தவன் உயிரைவிட உயர்ந்தது என்று யார் சொன்னது?

இந்த அளவுகோலை அந்தக் கிராமத்தில் வைத்துப் பார்ப்போம். இடுகாட்டில் கிடப்பவர்களின் உறவினர் அதே மதிலுக்குள்தான் ஒடுங்கியிருந்தார்கள். அவர்களை அழைத்து, “உங்கள் தகப்பனாரின் எலும்பை எழுப்பினால் உங்கள் பிள்ளைகளைக் காக்கலாம், சம்மதமா?” என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? சிலர் சம்மதித்திருப்பார்கள். கேட்காமல் எடுத்தது நிர்ப்பந்தத்தினால் அன்று, கேட்கத் தோன்றாததினால். கொள்ளையரின் பிணங்களையே எழுப்பினால் என்ன என்று அந்த வாலிபர் கேட்டார். போரில் கொல்லப்பட்ட பகைவனின் உடலையும் சிதைக்கக் கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். பகைவனின் உயிர் போனதோடு அவனுக்குரிய மரியாதையும் போய்விடுவதில்லை.

இனி, அளவு. 2014 விதியில் ஒரு நுட்பம் இருக்கிறது. எழுப்பப்பட்ட எலும்புக்கூடு இருபத்துநான்கு மணி நேரம்தான் கட்டளைக்குக் கீழ்ப்படியும். கெடு முடியுமுன் அதே வித்தையை மீண்டும் ஏவவேண்டும். தவறினால் அது எவருக்கும் அடங்காது, உயிருள்ளவர்மீது பாய வரும். கொள்ளையர் ஓடியது செவ்வாய்க்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை நிர்ப்பந்தம் இல்லை. ஆனால் எலும்புக்கூடு இருக்கிறது. அன்றே அதை உடைத்து, எலும்பைத் திரும்ப அடக்கி, ஊராரிடம் பொறுப்புத் தீர்த்திருந்தால் அந்த மந்திரவாதிக்காக நானே வாதாடியிருப்பேன். வாலிபரிடம் விசாரித்தேன். அடுத்த ஊருக்கும் அவை கூடவே நடந்து போயினவாம். சுமை தூக்க வசதியாக இருந்ததாம்! ரொட்டி தின்றவன் கடையையே எழுதி வாங்கிக்கொண்ட கதைதான்.

செய்தவனை விட்டு, செய்யப்பட்டவன் பக்கமிருந்து பார்க்கத் தொடங்கினால், விதிநூல்களின் முத்திரைகளே இடம் மாறிவிடுகின்றன. 2003 பதிப்பில் ஒரு சிறு வித்தை உண்டு. அருகிலுள்ளவர்களில் யார் சாகும் தறுவாயில் இருக்கிறார், யார் நலமாக இருக்கிறார் என்று அறிந்துகொள்வது, அவ்வளவே. ஒரு மருத்துவனுக்கு இதைவிடப் பயனுள்ளது வேறென்ன? அதற்குத் ‘தீமை’ முத்திரை. காரணம், அந்தப் பார்வை நடைப்பிணங்களின் ஆற்றலிலிருந்து வருகிறதாம். யாருடைய உரிமையும் அதனால் பாதிக்கப்படவில்லை. அதே நூலில் மற்றொரு வித்தை, ஒரு மனிதனின் உள்ளத்தைப் பிடித்து, நாட்கணக்கில் அவனைப் பொம்மையாக ஆட்டுவது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளும் கட்டளை ஒன்றைத் தவிர ஏறக்குறைய எதையும் செய்ய வைக்கலாம். அதற்குத் தீமை முத்திரை கிடையாது. நல்லவன் என்று பெயர் பெற்றவன் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு மனிதனின் விருப்பத்தையே திருடுவதைவிட, செத்தவனின் எலும்பை எடுத்தது இவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. எலும்பு பார்க்கப் பயங்கரமாயிற்றே!

பெயரை மாற்றிவிட்டால் பொருள் மாறிவிடும் என்ற எண்ணமும் இவர்களிடம் உண்டு. ‘மேன்மையான செயல்களின் நூல்’ என்ற கருத்தில் தலைப்பிட்டு 2003 இல் ஒரு துணைநூல் வெளியிட்டார்கள். நல்லவர்களிலும் நல்லவர்களுக்கான நூல் அது. விஷம் பயன்படுத்துவது தீமை, ஏனென்றால் அது தேவைக்கு மேற்பட்ட வேதனையைத் தருகிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். நல்ல நியாயம். சில பக்கங்கள் தள்ளிப் போனால், தீயவர்களின் உடலை மட்டும் வதைத்து உருக்குலைக்கும் ஒரு பொருளைக் கொடுத்து, இதை நல்லவர்கள் பயன்படுத்தலாம் என்கிறார்கள். விஷம் என்ற பெயர் மட்டும் இல்லை. தீயவனுக்கு வலிக்காதா, அல்லது அவனுக்கு வலித்தால் அது வேதனைக் கணக்கில் சேராதா? இவ்விளையாட்டை முன்பு வெளியிட்டுவந்த நிறுவனம், ஷைத்தான்களின் பெயர் வருகிறதென்று பெற்றோர்களும் கிறிஸ்தவ அமைப்புகளும் 1980களில் எதிர்ப்புக் கிளப்பியபோது, 1989 பதிப்பில் அவற்றை நீக்கிவிட்டு, சிறிது காலத்தில் வாயில் நுழையாத வேறு பெயர்களைச் சூட்டித் திரும்ப உள்ளே விட்டது. வாங்குபவர்களும் வாங்கினார்கள்.

“இவையெல்லாம் கற்பனைதானே, யாருக்கு என்ன நட்டம்?” என்று ஒருவர் கேட்கலாம். எலும்புக்கு நட்டமில்லை என்பது மெய். ஆனால் வாரம் மூன்று மணி நேரம் ஒரு மனிதன் எந்த வாதத்தைச் சொல்லிப் பழகுகிறானோ, அந்த வாதம் அவன் நாவுக்கு எளிதாகிவிடுகிறது. ‘என் நோக்கம் நல்லது, ஆகவே இது எனக்கு ஆகும்’ என்ற வாதம் அந்த மேசையில் பிறந்ததன்று. அலுவலகத்திலும் வியாபாரத்திலும், ஏன், மார்க்கப் பணியிலும்கூடத் தினமும் கேட்கிறோம். நற்காரியத்திற்காக வசூலித்த பணத்தை வேறொரு நற்காரியத்திற்கு, கொடுத்தவரைக் கேளாமலே செலவிட்டுவிட்டு, ‘நான் ஒரு காசும் எடுத்துக்கொள்ளவில்லையே’ என்று கைவிரித்துக் காட்டுபவர்களை நாம் பார்த்ததில்லையா? அங்கேயும் பேச்சு தன் கை சுத்தமாக இருப்பதைப் பற்றியே இருக்கும். கொடுத்தவர் நினைவில் இருக்கமாட்டார்.

இவ்விளையாட்டின் உலகங்களில் எனக்குப் பிடித்துப்போன ஒன்று உண்டு. 1991 இல் வெளியான ‘டார்க் சன்’ என்ற பாலைவன உலகம். ஒரு காலத்தில் பசுமையாக இருந்த அந்தப் பூமி மந்திரவாதிகளால்தான் பாழானது. அங்கே வித்தைக்கு ஆற்றல் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. சுற்றிலுமுள்ள செடிகொடிகளின் உயிரிலிருந்து உறிஞ்சப்படுகிறது. பொறுமையாக, செடி தாங்கும் அளவுக்கு மட்டும் எடுப்பவர் காப்பவர். அவசரக்காரன் ஒரே மூச்சில் உறிஞ்சிவிடுவான், அவன் நின்ற இடம் சாம்பலாகும். இருவரும் ஏவும் வித்தை ஒன்றே. எரியும் நெருப்பும் ஒன்றே. எடுத்த விதம்தான் வேறு. அந்த உலகத்தை 2010 இல் புதுப்பித்தபோது விதியை இன்னும் இறுக்கினார்கள். பகடை பொய்த்துவிட்டால் மந்திரவாதி மறுமுறை உருட்டிக்கொள்ளலாம், ஆனால் அதற்காக உயிரை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் சுற்றியுள்ள அவனுடைய சொந்தத் தோழர்களின் உடலில் காயம் விழும். அவர்கள் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் விழும். அவனுக்கு ஒன்றும் ஆகாது. காயத்தின் எண்ணைத் தத்தம் தாளில் கழித்து எழுத வேண்டியவர்கள், அதே மேசையில் அவனுக்கு எதிரே பென்சிலோடு உட்கார்ந்திருப்பார்கள்.