20 வெள்ளி எலிக்கு 95 வெள்ளி மருந்து

எங்கள் வீட்டில் ஒரு ஹேம்ஸ்டர் இருக்கிறது. பெயர் மைலோ. நிறத்தைப் பார்த்துத் தங்கை வைத்த பெயர். இரண்டு வருடத்துக்கு முன்னால், தங்கை கேட்டாள் என்று நான்தான் எங்கள் தாமானில் இருக்கும் கடையில் 20 வெள்ளிக்கு வாங்கி வந்தேன். இந்த வருடத் தொடக்கத்தில் அதற்கு மூட்டுவாதம் என்று கால்நடை மருத்துவர் சொன்னார். பரிசோதனைக்கும் ஒரு சின்னப் பாட்டில் வலி மருந்துக்கும் சேர்த்து 95 வெள்ளி ஆனது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மாமா ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

"ஏன்டா தம்பி, 20 வெள்ளி எலிக்கு 95 வெள்ளி மருந்தா? வேற ஒண்ணு வாங்கிக்கலாம்லா. மிச்சக் காசுல கூண்டையே புதுசா மாத்தலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. காரணம், மாமா சொன்னது நான் படிக்கிற பாடம். பழுதுபார்க்கும் செலவு புதுப் பொருளின் விலையைத் தாண்டினால் பழையதைத் தூக்கிப் போடு, புதியதை வை. பம்புக்கும் மோட்டாருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நான் தேர்வு எழுதுகிறேன். மைலோவுக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏன் பொருந்தாது? பாசம் என்பதால் மட்டுமா, இல்லை அதற்கு ஒரு நியாயம் இருக்கிறதா? சில மாதங்களாக இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹேம்ஸ்டர் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்று வருடம்தான் வாழும். மைலோ தாத்தா வயதுக்கு வந்துவிட்டது என்பதே எங்களுக்கு உறைக்கவில்லை. இரவில் சக்கரம் சுற்றும் சத்தம் நின்றுபோனது. "நல்லதாப் போச்சு, நிம்மதியா தூங்கலாம்" என்றுதான் நினைத்தேன். அப்புறம் பின்பக்க முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. உடம்பைத் திருப்பி நக்கிச் சுத்தம் செய்ய முடியவில்லை. நகம் வளர்ந்து வளைந்திருந்தது. மேல் தட்டில் இருந்த சாப்பாடு அப்படியே இருந்தது. ஏணி ஏற முடியாமல் அது கீழேயே உட்கார்ந்திருக்கிறது என்பது மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மற்ற மிருகங்களுக்கு இரையாகும் சின்னப் பிராணிகள் வலியை வெளியே காட்டாது. காட்டினால் பிடிபட்டுவிடும். அதனால் பார்க்கிறவன்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை.

மருத்துவர் சொன்னபடி வீட்டை மாற்றினோம். இரண்டு தட்டுக் கூண்டை எடுத்துவிட்டு, ஒரே மட்டமாக இருக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் காற்றுக்கு வழி செய்து வைத்தேன். அடியில் கம்பி கிடையாது. மெத்தென்று காகிதத் துகள். தண்ணீர்ப் பாட்டிலைத் தலை நிமிராமல் குடிக்கிற உயரத்துக்கு இறக்கினேன். தூங்குகிற பெட்டியின் வாசல்படியை 2 சென்டிமீட்டராக வெட்டி, அதற்கும் அட்டையில் ஒரு சாய்வுப் பாதை. கம்பிச் சக்கரத்தை மாற்றிவிட்டு, தளம் மூடிய பெரிய சக்கரத்தை வைத்தேன். இஷ்டம் இருந்தால் ஏறட்டும். மூட்டுக்குக் கொஞ்சம் அசைவும் வேண்டும். ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் துடைப்பது தங்கையின் வேலை. வாரம் ஒருமுறை சின்னத் தராசில் எடை பார்த்து நோட்டில் எழுதுகிறோம். மருந்து மெலோக்சிகாம். நாய்க்கும் பூனைக்கும் கொடுக்கிற மருந்துதான். எடைக்கு ஏற்ப மருத்துவர் அளந்து சொன்ன துளி மட்டும். வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வேலை கூடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மருந்தை எப்போது கொடுப்பது என்பதில் பாட்டி உதவினார். அவருக்கும் முழங்கால் வலி. "எலிக்கும் மூட்டு வலியா!" என்று முதலில் சிரித்தார். பிறகு, "படுத்து எழுந்திருக்கிறப்பதான்யா ரொம்பப் பிடிச்சுக்கும்" என்றார். ஹேம்ஸ்டர் இரவுப் பிராணி. அதற்கு விடிவது நமக்குப் பொழுது சாயும்போது. மருத்துவரைக் கேட்டுவிட்டு, மருந்தைக் காலையிலிருந்து சாயங்காலத்துக்கு மாற்றினேன்.

சரி, மாமாவின் கேள்விக்கு வருவோம்.

"இன்னும் எத்தனை நாளைக்கு? மூணு மாசம்? அதுக்கா இவ்வளவு?" என்றும் அவர் கேட்டார். கணக்கு என்றால் கணக்காகவே பார்ப்போம். 30 மாதம் வாழும் ஓர் உயிருக்கு மூன்று மாதம் என்பது வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. 75 வயது வாழும் மனிதருக்கு அது ஏழரை வருடம். பாட்டிக்கு ஏழரை வருடம் வலியில்லாமல் இருக்க மருந்து உண்டு என்றால் யாராவது "அவ்வளவுதானா?" என்று கேட்போமா? குறைவு என்று நமக்குத் தோன்றுவது நம்முடைய நாட்காட்டியை வைத்து அளப்பதால்தான்.

ஆனால் இந்தக் கணக்கும் முழுப் பதில் இல்லை. பம்புக்கும் மைலோவுக்கும் உள்ள வேறுபாடு எளிமையானது. பம்பு தேய்ந்துபோனால் அந்தத் தேய்மானம் பம்புக்கு ஒன்றும் செய்வதில்லை, நமக்குத்தான் நஷ்டம். மைலோவின் மூட்டு தேய்ந்தால் அந்தத் தேய்மானத்தை அனுபவிக்க உள்ளே ஓர் ஆள் இருக்கிறது. 1789-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் இதைத்தான் எழுதினார்: மிருகங்களுக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பதல்ல கேள்வி, வலி தெரியுமா என்பதே கேள்வி என்ற கருத்தில். அதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே வள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரம், கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் என்று தனித்தனியாக ஒதுக்கிவிட்டார். புதுசாக ஒன்று வாங்கினால் கூண்டு நிரம்பும்; ஆனால் இந்த வலி தீராது. 20 வெள்ளி என்பது கடைக்காரர் கூண்டில் ஒட்டிய விலை. அந்த வலிக்கு யாரும் விலை ஒட்டவில்லை.

மாமா விடவில்லை. "அது அதோட கர்மா தம்பி. நாம என்ன செய்ய முடியும்?" இந்த வாக்கியத்தை நாம் எல்லாரும் எங்கேயாவது கேட்டிருப்போம். எனக்குத் தோன்றியது இதுதான்: கர்மா என்பது அவரவர் செய்கையைப் பற்றிய பேச்சு. மைலோவுக்கு வலி வந்தது அதன் கர்மா என்றே வைத்துக்கொள்வோம். மருந்துக் குழாய் என் கையில் இருப்பது யாருடைய கர்மா? அடுத்தவன் வலிக்குக் காரணம் சொல்ல அந்தச் சொல்லை எடுத்தால், அதே சொல் என் கையையும் கணக்கில் சேர்க்கும். பார்க்காமல் இருக்க அது அனுமதிச் சீட்டு இல்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ரொம்ப நல்ல பையன் மாதிரித் தெரியும். உண்மையைச் சொல்லணும்னா, அப்படி இல்லை.

மைலோவுக்கு மருந்து தொடங்கிய அதே வாரம், எங்கள் அடுக்களைக்குள் எலி வந்தது. அரிசிப் பையைக் கடித்துவிட்டது. எலி சிறுநீரால் வரும் காய்ச்சல் ஆளையே கொல்லும் என்பது நம் நாட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா கேஸ் தோம்புக்குப் பின்னால் எலிப்பசை அட்டை வைத்தார். அன்று நடு இரவில் கீச்சென்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். ஒரு சின்ன எலி, நான்கு காலும் ஒட்டி, இழுக்க இழுக்க இன்னும் அதிகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் மைலோவின் நகத்தை வெட்டியிருந்தேன், வலிக்குமோ என்று பயந்து பயந்து. இப்போது நான் என்ன செய்தேன்? விளக்கை அணைத்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். காலை 6 மணிக்கு அது இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. அப்பா அதை வெளியே எடுத்துப் போய் ஒரே அடியில் முடித்தார். "ராத்திரியே என்னை எழுப்பியிருக்கணும்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவின் கேள்வியைவிட இது என்னைப் பலமாக அடித்தது. ஒன்று கூண்டுக்குள் இருந்தது, ஒன்று அடுக்களையில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கால், ஒரே மாதிரிப் பல். வலியும் வேறு மாதிரி இருந்திருக்க வாய்ப்பில்லை. கோயிலில் பிள்ளையார் காலடியில் இருக்கும் மூஞ்சூறுக்கும் சேர்த்து அருகம்புல் வைக்கிறோம். வீட்டுக்கு வந்து பசை அட்டை வைக்கிறோம். அப்படியென்றால் நான் மைலோவுக்குச் செய்வது வெறும் செல்லம்தானா? அறம் என்று அதற்குப் பெயர் வைப்பது பொய்யா?

யோசித்துப் பார்த்ததில், நாம் இரண்டு கடமைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று தோன்றுகிறது.

ஒன்று, பராமரிக்கும் கடமை. இது எல்லா உயிருக்கும் எல்லாரும் செய்ய முடியாது. நான் யாரை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேனோ அவர்களுக்கு மட்டும். 1930-இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே மண்ணைத் தோண்டி ஒரு தாய் ஹேம்ஸ்டரையும் அதன் குட்டிகளையும் எடுத்தார்கள். இன்று வீடுகளில் வளர்கிற சிரிய ஹேம்ஸ்டர்கள் பெரும்பாலும் அந்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள். மைலோ தானாகக் கிள்ளானுக்கு வரவில்லை. கொண்டுவந்தோம், அடைத்தோம். அது தானே போய் இரை தேட முடியாது, வெயிலோ நிழலோ பார்த்து இடம் மாற முடியாது. அதன் எல்லா வழியையும் நாம் மூடிய பிறகு, மூடிய கைதான் திறந்து கொடுக்க வேண்டும். இது தர்மம் போடுவது அல்ல. வாங்கியபோதே பட்ட கடன். நம் நாட்டின் விலங்குகள் நலச் சட்டம் 2015-உம் பிராணியை வைத்திருப்பவருக்குக் கடமை உண்டு என்றுதான் சொல்கிறது. அதனால், "மூணு வருஷம் கழிச்சு இதுக்கு வாதம் வந்தா நான் பார்ப்பேனா?" என்ற கேள்வியைக் கடை வாசலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. கையில் 20 வெள்ளி இருந்தது, வாங்கினேன்.

இரண்டாவது, வதைக்காமல் இருக்கும் கடமை. இதற்குச் சொந்தம், சொந்தமில்லை என்ற எல்லையே கிடையாது. அடுக்களை எலிக்கு மருந்து வாங்க நான் கடமைப்பட்டவன் இல்லை. அதை வீட்டுக்குள் விட வேண்டும் என்பதும் இல்லை. பாட்டி இருக்கிற வீடு, நோய் வரும். ஆனால் ஆறு மணி நேரம் பசையில் துடிக்கவிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அடுத்த சனிக்கிழமை நானும் அப்பாவும் அடுக்களைச் சுவரில் விரல் நுழைகிற ஓட்டையைக்கூட விடாமல் இரும்புப் பஞ்சும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். அரிசியும் பருப்பும் மூடி போட்ட டப்பாவுக்குப் போயின. மீதி இருந்த பசை அட்டைகளை அம்மாவே குப்பையில் போட்டார். அப்படியும் எலி வந்தால், உடனே முடிக்கிற பொறிதான் என்று முடிவு செய்திருக்கிறோம். இது அகிம்சை ஆகுமா என்று கேட்டால், முழுசாக ஆகாது. ஆனால் பசை அட்டைக்கும் அதற்கும் நடுவில் ஓர் இரவு நேர வலி இருக்கிறது. அந்த இரவை என்னால் தவிர்க்க முடியும்.

கடைசியாக ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அதற்கு என்னிடம் முடிந்த பதில் இல்லை. மருந்து கேட்காத ஒரு நாள் வரும், அப்போது தூங்க வைப்பதைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தங்கை அழுதாள். பாட்டி, "அந்தப் பாவம் நமக்கு வேணாம்யா" என்றார். கொல்லாமையைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பேச்சு லேசாக இல்லை. அப்பாவின் அந்த ஒரே அடியும் நினைவுக்கு வந்தது. அன்று அந்த வீட்டில் இரக்கமுள்ள ஒரே செய்கை அதுதான். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவனின் கையில் ரத்தம் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எனக்கு நானே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நான் தீர்க்கப் பார்ப்பது யாருடைய வலியை? பார்க்கச் சகிக்கவில்லை, சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்தால் அது என் வலி. பாவம் வந்துவிடுமே, பிரிய முடியவில்லையே என்று இழுத்துக்கொண்டே போனால் அதுவும் என் வலிதான். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு மைலோவைப் பார்க்க வேண்டும். தானாகச் சாப்பிடுகிறதா? சாயங்காலம் வெளியே வருகிறதா? என் விரல் வாசனைக்கு மூக்கைத் தூக்குகிறதா? எடை நிற்கிறதா? இவற்றுக்கு "ஆம்" வருகிறவரை மருந்து தொடரும். ஒவ்வொன்றாக "இல்லை" ஆகும்போது, தங்கையையும் பாட்டியையும் உட்கார வைத்து மருத்துவர் முன்னால் பேசுவோம். அப்போது நான் எடுக்கிற முடிவு சரியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் இந்த முறை விளக்கை அணைத்துவிட்டுப் போக மாட்டேன்.

மாமா போன வாரம் வந்திருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் இருக்கானா இவன்?" என்றார். சக்கரத்தில் ஏறி நாலு அடி நடந்துவிட்டு மைலோ இறங்கியது. "பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். 95 வெள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய எடை 131 கிராம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.