எவ்வளவு சிறிதானால் அது வீடு இல்லை?

9.5 சதுர மீட்டர். நம்ம கணக்கில் சுமார் 102 சதுர அடி. ஒரு வீட்டில் ஆட்கள் புழங்குகிற அறை ஒன்றாவது குறைந்தது இவ்வளவு இருக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அகலம் 2.4 மீட்டருக்குக் குறையக் கூடாது. தரையிலிருந்து கூரை 2.75 மீட்டராவது இருக்க வேண்டும். சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் சேர்ந்த ஊர் என்றால், ஜன்னல் திறப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு. வறண்ட வெயில் ஊர்களில் பத்தில் ஒரு பங்கு போதும்.

படிக்க ரொம்பச் சாதாரணமான எண்கள். இன்ஜினியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடந்துபோய்விடலாம். ஆனால் இதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு தீர்ப்பு. 9.5 என்று எழுதுகிறவர், 9 சதுர மீட்டரில் குடியிருக்கும் குடும்பத்தைப் பார்த்து ‘நீங்க இருக்கிறது வீடு இல்ல’ என்கிறார். அப்படிச் சொல்ல அவருக்கு என்ன உரிமை? சொன்ன பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும்? இந்த இரண்டு கேள்விகளும் கட்டடக்கலையைவிட அறவியலுக்கு நெருக்கமானவை என்று நினைக்கிறேன்.

இன்னொரு தகவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே விதிகளில், குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகளுக்குத் தனிப் பகுதி உண்டு. அங்கே கூரை 2.6 மீட்டர் இருந்தால் போதும். அரை அடி இறங்கிவிடுகிறது. செலவைக் குறைத்தால்தான் அதிகம் பேருக்குக் கட்டித்தர முடியும் என்ற காரணம் புரிகிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை: ‘குறைந்தபட்சம்’ என்று ஒன்றைச் சொன்ன பிறகு, அதற்குக் கீழே இன்னொரு குறைந்தபட்சம் எப்படி வருகிறது?

*

அடுக்கக வாழ்க்கையின் இருட்டை முதன்முதலில் சட்டத்தால் விரட்டப் பார்த்த நகரங்களில் ஒன்று நியூயார்க். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய குடியேறிகள், 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனைகளில் எழுப்பிய ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்களில் அடைந்து கிடந்தார்கள். தெருப்பக்க அறைக்கும் பின்பக்க அறைக்கும் ஜன்னல் இருந்தது. நடுவில் இருந்தவை குகைகள்.

1867-ல் முதல் சட்டம் வந்தது. வெளியே பார்க்காத படுக்கையறைக்குக் காற்று போக ஒரு திறப்பு வேண்டும் என்றது. அது எங்கே திறக்க வேண்டும் என்பதில் பெரிய கண்டிப்பு இல்லை. கட்டடக்காரர்கள் பக்கத்து அறைக்கோ நடைக்கோ திறக்கிற மாதிரி ஒரு துளை போட்டார்கள். சட்டம் திருப்தியானது. அறை இருட்டாகவே இருந்தது.

1879-ல் அடுத்த சட்டம். ஜன்னல் நடைக்குள் திறக்கக் கூடாது, வெளிக்காற்றுக்குத்தான் திறக்க வேண்டும். சரி என்று, ஒட்டி நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு காற்றுக் குழியை விட்டார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்தடி அகலம் வந்தால் அதிகம். மேல்மாடிக்காரர்களுக்குக் கொஞ்சம் வெளிச்சம். கீழே இருப்பவர்களுக்குக் குழியில் விழுந்த குப்பையின் நாற்றம், எதிர்வீட்டுச் சண்டை, தீப்பிடித்தால் புகைபோக்கி மாதிரி மேலே ஏறும் நெருப்பு. 1890-ல் வெளிவந்த தன் புத்தகத்துக்காக ஜேக்கப் ரீஸ் இந்த மாதிரி அறைகளைப் படம் எடுத்தபோது, மெக்னீசியப் பொடியைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்க வேண்டியிருந்தது. 1901-ல் வந்த சட்டம்தான் குழியை முற்றமாக விரிக்கச் சொன்னது. ஏற்கெனவே நின்றிருந்த கட்டடங்களின் இருட்டறைகளையும் கணக்கில் எடுத்தது.

1867-லிருந்து 1901 வரை 34 வருடம். ஒரு ஜன்னல் வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதைச் சட்டமொழியில் சொல்ல அவ்வளவு காலம் ஆனது. வீட்டுக்காரர்கள் ஒவ்வொரு முறையும் விதியின் எழுத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள், நோக்கத்தைத் தாண்டிப் போனார்கள். ஒரு தலைமுறைக் குழந்தைகள் அந்த இடைவெளிக்குள் வளர்ந்தார்கள்.

*

எதிர்வாதத்தைப் பார்க்கலாம். அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஹாங்காங்கில் ஒரு ஃபிளாட்டைத் தடுத்து மூன்றாக, நான்காக வாடகைக்கு விடுவார்கள். இப்படிப் பிரித்த அறைகள் சுமார் 1,10,000. அவற்றில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள் என்பது அரசின் கணக்கு. 2024 அக்டோபரில் அரசு ஒரு கோடு கிழித்தது: இனி இந்த மாதிரி அறை 8 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், ஜன்னல் வேண்டும், தனிக் கழிப்பறை வேண்டும். 2025-ல் அது சட்டமானது.

நல்ல விஷயம்தானே? ஆனால் 6 சதுர மீட்டரில் இருப்பவர் என்ன செய்வார்? அறையைப் பெரிதாக்கினால் வாடகை ஏறும். ஏறிய வாடகையைக் கொடுக்க முடிந்தால் அவர் ஏன் முதலில் 6 சதுர மீட்டருக்கு வந்தார்? அடுக்குப் படுக்கை மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் கூண்டு விடுதிகள் வேறொரு பழைய சட்டத்தின் கீழ் வருவதால், இந்தப் புதிய விதி அவற்றைத் தொடாது. அப்படியானால் மோசமான அறையிலிருந்து துரத்தப்படுகிறவருக்கு அதைவிட மோசமான ஓர் இடம் சட்டப்படியே திறந்திருக்கிறது.

இதை இன்னும் கூர்மையாகக் கேட்கலாம். ஒருவர் தெரிந்தே, கணக்குப் போட்டு, ஜன்னல் இல்லாத அறையை எடுக்கிறார். வேலை செய்யும் இடம் நடக்கிற தூரம், மிச்சமாகிற பணம் ஊரில் தங்கையின் படிப்புக்கு. அவரிடம் போய் ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று கதவைப் பூட்டினால் அது அக்கறையா, அதிகாரமா? திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு தீப்பெட்டி அறையைப் பகிர்ந்துகொண்டு வேலை தேடிய தலைமுறையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அறைகளை எல்லாம் ஒரே நாளில் சட்டவிரோதமாக்கியிருந்தால் அவர்களில் பலர் பஸ் பிடித்து ஊருக்குத்தான் போயிருப்பார்கள்.

சென்னைக்கே இதன் இன்னொரு வடிவம் தெரியும். ஆற்றங்கரை, கால்வாய்க்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். கான்கிரீட் கூரை கிடைத்தது. வீட்டுவேலைக்கும் மீன் விற்கவும் போய்வந்த தெருக்கள் தூரமாகிவிட்டன. குடிசையைவிட அடுக்குமாடி தரமானது என்று அளவுகோல் சொல்லும். பஸ்ஸில் போய்வர ஆகும் மணிநேரத்தை எந்த அளவுகோலும் அளக்கவில்லை.

*

அப்போ குறைந்தபட்ச அளவே வேண்டாமா? நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் ஏன் வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், ‘அவரே தேர்ந்தெடுத்தார்’ என்ற வாதம் ஒரு தனி ஆணை மனதில் வைத்துப் பேசுகிறது. வேலைக்குப் போகிறவர், ராத்திரி வந்து படுப்பவர், டீக்கடையும் தெருமுனையும் தன் வரவேற்பறையாக இருக்கிறவர். அறைக்கு அட்வான்ஸ் கொடுப்பவர் பெரும்பாலும் அவர்தான். அந்த அறைக்குள் அதிக நேரம் இருக்கப்போவது அவர் இல்லை. சமைத்த புகை போக வழியில்லாமல் மத்தியானம் முழுக்க உள்ளே இருப்பவர் வேறு. துணி மாற்ற, அப்பாவையும் அண்ணனையும் ‘கொஞ்சம் வெளியே இருங்க’ என்று சொல்ல வேண்டிய பதினைந்து வயதுப் பெண் வேறு. கட்டிலைவிட்டு எழ முடியாத தாத்தா வேறு. இவர்கள் யாரும் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. தன் உடம்பை வைத்து ஒருவர் பேரம் பேசலாம். அடுத்தவர் நுரையீரலை வைத்தும் பேசலாமா?

இரண்டாவது, பரப்பும் வெளிச்சமும் ஒரே மாதிரி பொருட்கள் இல்லை. எவ்வளவு இடம் போதும் என்பது பெருமளவு வழக்கத்தைப் பொறுத்தது. தன் காலத்து ஐரோப்பாவின் பெரும்பகுதியில் லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்கக் கூலித்தொழிலாளிகூட வெட்கப்படுவான், பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள் என்று 1776-ல் ஆடம் ஸ்மித் எழுதினார். இடமும் அந்தச் சட்டை மாதிரிதான். அதோடு, இடத்தை ஓரளவு வெளியிலிருந்து கடன் வாங்கலாம். திண்ணை, மொட்டைமாடி, பூங்கா, நூலகம் எல்லாம் சேர்ந்தால் சிறிய வீடும் கொஞ்சம் பெரிதாகும்.

வெளிச்சத்தையும் காற்றையும் அப்படிக் கடன் வாங்க முடியாது. அவை நாகரிகத்தோடு மாறும் தேவையும் இல்லை. உடம்பு கேட்பவை. கட்டி முடித்த பிறகு சேர்க்க முடியாதவையும்கூட: அறை சிறிதென்றால் ஒரு சுவரை இடித்துப் பார்க்கலாம், பக்கத்துக் கட்டடத்தை நகர்த்த முடியாது.

மும்பை கோவண்டிப் பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்ட், லல்லுபாய் காம்பவுண்ட் என்று இரண்டு குடியிருப்புகள். ரயில், சாலைத் திட்டங்களுக்காக அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு அரசுத் திட்டத்தில் கட்டப்பட்டவை. வீடு 225 சதுர அடி. கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே சுமார் 3 மீட்டர். 2018-ல் ‘டாக்டர்ஸ் ஃபார் யூ’ என்ற அமைப்பும் மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் இவற்றையும், இடைவெளி விட்டுக் கட்டிய இன்னொரு குடியிருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெயிலும் காற்றும் குறைந்த இந்த இரண்டிலும் காசநோய் பல மடங்கு அதிகம் இருந்தது. காசநோய்க்குச் சத்துக்குறைவு, நெரிசல் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் ஜன்னல் தலையில் போட வேண்டியதில்லை. ஆனால் கிருமி அடைத்த காற்றில் தங்கும் என்பதும் காற்றோட்டமும் வெயிலும் அதைக் குறைக்கும் என்பதும் மருத்துவத்துக்குப் பழைய செய்தி.

கோவண்டியில் யார் தேர்ந்தெடுத்தார்கள்? குடியேறியவர்கள் இல்லை. அவர்களுக்கு வீடு ஒதுக்கப்பட்டது. கோடீஸ்வரர்களின் அடுக்ககத்துக்கு விட வேண்டிய இடைவெளி, மறுவாழ்வுத் திட்டம் என்றால் தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வு ஒரு கோப்பில் ஒரு வரி. ‘ஏழைகளுக்கு வேற வழி இல்ல’ என்ற வாதம் இங்கே செல்லாது. வழியைச் சுருக்கியது விதி எழுதியவர்களே.

*

விதி தளர்ந்தால் சந்தையே நல்லதைக் கொடுத்துவிடும் என்பவர்களுக்குப் பிரிட்டனின் கதை. 1961-ல் பார்க்கர் மோரிஸ் குழு ஒரு அறிக்கை கொடுத்தது. எத்தனை சதுர அடி என்று தொடங்காமல், வீட்டுக்குள் மனிதர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று தொடங்கியது அது: சாப்பிடுவது, குழந்தை விளையாடுவது, ஒருவர் படிக்க வேண்டும் என்றால் தனியாக உட்காருவது. அதற்குத் தேவையான மேசை நாற்காலியை வைத்துப் பார்த்து அளவு சொன்னது. அரசு வீடுகளுக்கு அது கட்டாயமானது. 1980-ல் கட்டாயம் போனது. 2013-லிருந்து அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்றார்கள். பணக்கார நாடு, நூற்றாண்டுகளின் சட்ட அனுபவம். அங்கே ஜன்னலே இல்லாத ஃபிளாட்டுகள் வந்தன. இப்படி மாற்றும் வீடுகளில் மனிதர் புழங்கும் அறைக்கு இயற்கை வெளிச்சம் வேண்டும் என்று 2020-ல் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

ஆக, கோடு தேவை. ஆனால் அந்தக் கோட்டை இரண்டு விதமாக வாசிக்கலாம். ‘இதற்குக் கீழே யாரும் வாடகைக்கு விடக் கூடாது’ என்பது ஒன்று. ‘இதற்குக் கீழே யாரும் வாழ நேரக் கூடாது’ என்பது இன்னொன்று. முதல் வாக்கியம் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்துகிறது. பாரத்தைக் கடைசியில் குடியிருப்பவர் சுமக்கிறார். இரண்டாவது வாக்கியம் அரசை, வரி கட்டும் நம் எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. முதலாவதை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்தால், நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட வெளியேற்ற நோட்டீஸ்தான் அது. ஹாங்காங் விதி எப்படி முடியும் என்பது, எட்டு என்ற எண்ணைவிட, வெளியேறுகிறவர்களுக்காக அங்கே எத்தனை பொது வீடுகள் தயாராகின்றன என்பதைப் பொறுத்தது.

அதனால் வரிசை முக்கியம். அரசு தானே கட்டும் வீட்டில் எந்தத் தளர்வும் இருக்கக் கூடாது, அங்கே யாரும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதால். தனியார் அறைகளில், மாற்று இடம் தயாரான பிறகு கோட்டை உயர்த்த வேண்டும். பணம் பற்றாதபோது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் பரப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஜன்னலில் கூடாது. இதில் எனக்கே முழு நிம்மதி இல்லை. ‘பரப்பில் கொஞ்சம்’ என்று சொல்லும்போது, துணி மாற்ற இடமில்லாத அந்தப் பெண்ணின் கணக்கிலிருந்துதான் எடுக்கிறேன் என்பது தெரிகிறது. குறைந்தபட்சங்களுக்கு இடையே தேர்ந்தெடுப்பதில் சுத்தமான கை யாருக்கும் மிஞ்சுவதில்லை.

இதைப் படிக்கிற பலர் இப்போது பெங்களூரிலோ சோழிங்கநல்லூரிலோ பிளைவுட் தடுப்புப் போட்ட ஒரு பி.ஜி. அறையில் இருக்கலாம். பகலிலும் டியூப்லைட் எரியும் அறை. இரண்டு வருஷத்தில் சம்பளம் ஏறும், பால்கனி வைத்த வீட்டுக்கு மாறுவீர்கள். மாறும் நாளில் ஒரு காரியம் செய்யலாம். பட்டப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள், எழுத்து தெரிகிறதா என்று. அடுத்து அங்கே வரப்போவது ஒரு குடும்பமாக இருக்கலாம். அவர்கள் இரண்டு வருஷத்தில் போகப்போவதில்லை.