கூட்டம் கலைந்த பிறகு

நிலையாமையைப் பற்றிப் பேசும்போது நம் மேடைகளில் ஒரு சின்னக் கண்கட்டு நடக்கிறது. பேசுகிறவரே அதைக் கவனிப்பதில்லை. உடம்பு நீர்க்குமிழி, செல்வம் வண்டிச் சக்கரம், இளமை நேற்றைய மலர் என்று அடுக்குவார்கள். அதுவரை மறுக்க ஒன்றுமில்லை. அடுத்த மூச்சிலேயே 'ஆகையால் இவற்றில் ஒன்றுமில்லை' என்று முடிப்பார்கள். அந்த 'ஆகையால்' எங்கிருந்து வந்தது? நிலைக்காது என்பது ஒரு பொருள் எவ்வளவு காலம் இருக்கும் என்ற செய்தி. ஒன்றுமில்லை என்பது அதன் மதிப்பைப் பற்றிய தீர்ப்பு. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகப் பாலம் வேண்டும். அதை யாரும் கட்டுவதில்லை, தாவிவிடுகிறார்கள். இந்தத் தாவலைச் சோதிக்க மலைகளும் பேரரசுகளும் உதவா. அவை நிலைப்பதுபோல நெடுங்காலம் நடிக்கக்கூடியவை. நிலைக்கும் என்று யாருமே எண்ணாத ஒன்றுதான் வேண்டும். அமெரிக்காவின் தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து அப்படிப்பட்டது.

மேஜர் இன்டோர் சாக்கர் லீக் 1978 டிசம்பரில் ஆறு அணிகளோடு ஆட்டத்தைத் தொடங்கி, 1992 ஜூலையில் மூடப்பட்டது. ஐஸ் ஹாக்கி அரங்குகளில் செயற்கைப் புல் விரிப்பைப் போட்டு, சுற்றியுள்ள ஹாக்கிச் சுவரை அப்படியே வைத்துக்கொண்டு ஆடினார்கள். கோல்கீப்பரோடு சேர்த்து அணிக்கு ஆறு பேர்; பதினைந்து நிமிடப் பகுதிகள் நான்கு. பந்து சுவரில் மோதித் திரும்பி வரும். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். முரட்டுத் தவறு செய்தவர் இரண்டு நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அவர் அணி ஓர் ஆள் குறைவாக ஆடும்.  ஆட்டம் முடிந்ததும் விரிப்பைச் சுருட்டிவிடுவார்கள், அதே இடத்தில் அடுத்து ஹாக்கி நடக்கும், சர்க்கஸ் நடக்கும். ஆடுகளமே நிலையில்லாத ஆட்டம் இது.

அந்த லீக்கின் 1986-87 பருவத்தைப் பாருங்கள். புதிதாகச் சேர்ந்த நியூயார்க் எக்ஸ்பிரஸ் 26 ஆட்டங்களில் மூன்றில் வென்று 23-இல் தோற்று, பருவம் முடியும் முன்பே பிப்ரவரியில் கடையைக் கட்டியது. டல்லஸ் சைட்கிக்ஸ் அணிக்கும் பெரிய வரலாறு கிடையாது. 1984-85-இல், தன் முதல் பருவத்தில், 12 வெற்றியும் 36 தோல்வியும் கண்ட அணி அது. அதன் நட்சத்திரம் டாட்டு என்ற பிரேசில்காரர். கோல் போட்டதும் சட்டையைக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்துவிடுவார். அந்த டல்லஸ்தான் இந்தப் பருவத்தின் இறுதித் தொடருக்கு வந்தது; எதிரே நின்றது டகோமா ஸ்டார்ஸ். அங்கே ஆடியவர் ஸ்டீவ் சுங்குல்; யுகோஸ்லாவியாவின் ஸ்பிலிட் நகரிலிருந்து வந்து, லீக்கின் முதல் நான்கு பட்டங்களையும் நியூயார்க் ஆரோஸ் வெல்லக் காரணமாக இருந்தவர். ஏழு ஆட்டத் தொடரில் டல்லஸ் ஒன்றுக்கு மூன்று என்று பின்தங்கியது. பிறகு இரண்டை வென்று சமன் செய்தது. 1987 ஜூன் 20 அன்று, டகோமா டோமின் மரக் குவிமாடத்தின் கீழ் 21,728 பேர் பார்த்திருக்க ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. மார்க் கார்பன் கோல் அடித்தார். டல்லஸ் 4, டகோமா 3. ஐந்தே ஆண்டுகளில் அந்த லீக் இல்லாமல் போயிற்று.

லீக் மறைந்ததால் அந்த இரவின் மதிப்பு குறைந்ததா? நிலையாமை என்றாலே நாம் எடுத்துவரும் திருக்குறளின் 34ஆம் அதிகாரத்தை வைத்தே இதைப் பார்க்கலாம். அதன் இரண்டாம் குறள் பெருஞ்செல்வத்தின் வரவைக் கூத்து பார்க்கக் கூட்டம் சேர்வதற்கும், அதன் போக்கை அந்தக் கூட்டம் கலைவதற்கும் ஒப்பிடுகிறது. உவமையைக் கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வள்ளுவர் செல்வத்தை ஒப்பிட்டது கூட்டத்தோடு, கூத்தோடு அல்ல. கூத்து முடிந்ததால்தான் கூட்டம் கலைகிறது; கூட்டம் கலைந்ததால் கூத்து பொய்யாகிவிடவில்லை. 21,728 பேரும் அன்றிரவே வீடு திரும்பினார்கள். லீக்கின் முதலாளிகளும் விளம்பரதாரர்களும் சற்றுத் தாமதமாகக் கலைந்தார்கள், அவ்வளவுதான். நிலையாமை அவர்களைப் பற்றிய உண்மை. ஒன்றுக்கு மூன்று என்ற நிலையிலிருந்து மனம் தளராமல் எழுந்த ஆட்டத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இங்கே படித்தவர் ஒருவர் மடக்கலாம்: அடுத்த குறளைப் பார்த்தீரா? நிலையாத செல்வம் கிடைத்தால் நிலைப்பவற்றை உடனே செய் என்கிறதே. அப்படியானால் வள்ளுவருக்கும் நிலைத்தல்தானே அளவுகோல்? கனமான கேள்விதான். நிலைப்பது என்று அங்கே சொல்லப்படுவது அறம் என்பதில் உரைகாரர்களுக்குள் பெரிய தகராறு இல்லை. ஆனால் அறத்தில் நிலைப்பது எது? பசித்தவனுக்கு இட்ட சோறு சில மணி நேரத்தில் செரித்துவிடுகிறது. உண்டவனும் ஒருநாள் இறப்பான், இட்டவனும் இறப்பான். அப்படியும் அது நிலைத்தது என்கிறோம் என்றால், நிலைத்தல் என்ற சொல்லுக்கு நீண்ட நாள் கிடத்தல் என்ற பொருள் அங்கே இருக்க முடியாது. வினைப்பயன் உயிரைத் தொடரும் என்பார் சமயவாதி. தொடரட்டும், தொடர்வதற்கு முதலில் அந்தச் செயல் தன்னளவில் நல்லதாக இருந்தாக வேண்டுமே. செயல் நன்றாக இருப்பதால் பயன் தொடர்கிறது, பயன் தொடர்வதால் செயல் நன்றாகிவிடுவதில்லை. கால்பந்தும் அன்னதானமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அசட்டுத்தனம். இரண்டிலும் மதிப்பு செயலுக்குள் இருக்கிறது, அது நீடிக்கும் நாட்களில் இல்லை என்று மட்டுமே சொல்கிறேன்.

வெறும் விளையாட்டுதானே, மனிதர்கள் கூடிப் பேசி வகுத்த விதிகள்தானே என்பது இன்னொரு மறுப்பு. விதிகள் வகுக்கப்பட்டவைதான், அவற்றுக்குள் வெளிப்பட்ட உடல்திறனும் பொறுமையும் வகுக்கப்பட்டவை அல்ல. யாப்பும் மனிதர் வகுத்ததுதான், அதனால் கவிதை பொய்யென்று யாரும் சொல்வதில்லை. இதைவிட என்னை உறுத்துவது வேறு. பருவத்தின் நடுவே நியூயார்க் எக்ஸ்பிரஸ் மூடியபோது வேலை இழந்த ஆட்டக்காரரிடம் போய் 'உன் ஆட்டத்தின் மதிப்பு ஆட்டத்திலேயே இருக்கிறது' என்று சொன்னால், அவர் என்னை அடிக்க வந்தாலும் நியாயமே. சம்பளம், வாடகை, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நாளையும் தொடர வேண்டியவை. அவற்றைத் தொடரச் செய்வது நிர்வாகத்தின் கடமை. நிலையாமைத் தத்துவம் அந்தக் கடமையைக் கைகழுவுவதற்கான சாக்கு அல்ல. என் வாதத்தையும் யாரும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது. நல்ல ஆட்டம் ஆடியதும் உண்மை, ஆடியவருக்குத் துரோகம் நடந்திருந்தால் அதுவும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது.

நிலையாமையை இப்படிப் படித்தால் பற்று வளருமே என்று துறவு நெறியினர் அஞ்சக்கூடும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆட்டத்தின் மதிப்பு அது நீடிப்பதில் இருக்கிறது என்று நினைப்பவர்தான் கோப்பையையும் லீக்கையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். மதிப்பு நடந்ததிலேயே முடிந்துவிட்டது என்று தெரிந்தவருக்கு எதையும் பிடித்து வைத்துக்கொள்ளத் தேவையில்லை. டாட்டு துறவியல்ல, சட்டை எறிவது ரசிகர்களை மகிழ்விக்கச் செய்த வேலை. ஆனாலும் கோல் போட்ட கையோடு சட்டையை விட்டுவிட அவரால் முடிந்தது.

அந்த லீக் போன பிறகு அதே பெயரை வேறு லீக்குகள் எடுத்து வைத்துக்கொண்டன. டகோமா ஸ்டார்ஸ், டல்லஸ் சைட்கிக்ஸ் என்ற பெயர்களிலும் பின்னாளில் வேறு அணிகள் ஆடின; பெயர் மட்டும் எடுத்த மறுபிறவி. 1987 ஜூன் 20-இன் வெற்றியோ தோல்வியோ அவற்றுக்குச் சொந்தமில்லை.