கயிறு கட்டிக் குளம் வெட்டியவர்

(தண்டியடிகள் குருபூசையை ஒட்டி உழவாரப் பணி அன்பர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவாரூருக்குப் போனவர்கள் கமலாலயத்தைப் பார்க்காமல் வந்திருக்க மாட்டீர்கள். தியாகேசர் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பது அந்த ஊர்க் கணக்கு. ஐந்து வேலி என்றால் ஏறத்தாழ 33 ஏக்கர். இவ்வளவு பெரிய குளம் ஒரு காலத்தில் சுற்றிலும் குடியிருப்புகள் ஏறி, இடம் குறுகிக் கிடந்ததாம். சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்துவிட்டார். ஆக்கிரமிப்பு என்று நாம் இன்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கிறோமே, அது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அந்தக் குளத்தை வெட்டிப் பெரிதாக்க ஊரில் ஒருவர் முன்வந்தார். அரசன் இல்லை, ஆள்பலம் உள்ளவர் இல்லை. பிறவியிலேயே கண் தெரியாத தண்டியடிகள்.

எப்படி வெட்டினார்? இந்த இடத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். குளத்துக்குள்ளே ஒரு தறி நட்டார். கரைமேல் ஒரு தறி நட்டார். இரண்டையும் இணைத்து ஒரு கயிறு கட்டினார். கீழே நின்று மண்ணை வெட்டுவார், கூடையில் அள்ளுவார். கூடையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தடவித் தடவிக் கரையேறுவார். மேலே கொட்டிவிட்டு, மறுபடி அதே கயிற்றைத் தடவிக்கொண்டு இறங்குவார். இடையிடையே ஐந்தெழுத்தை ஓதிக்கொண்டே திருக்கோயிலை வலம் வருவார். அவ்வளவுதான் அவருடைய தொழில்நுட்பம்.

இந்தக் கதையின் கடைசியில் அரசன் முன்னிலையில் அவர் குளத்தில் மூழ்கி எழுந்தபோது கண் தெரிந்தது என்று வரும். அங்கேதான் எல்லா ஊரிலும் கைதட்டுவார்கள். தட்டட்டும். எனக்கென்னவோ அந்தக் கண்ணைவிட இந்தக் கயிறுதான் பெரிதாகப் படுகிறது. கண் ஆண்டவன் கொடுத்தது. கயிறு அவராக யோசித்துக் கட்டியது. கண் வரட்டும், பிறகு குளத்தைப் பார்த்துக்கொள்வோம் என்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவில்லை. கண் தெரிகிறவரைப் போல வீம்பாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் விழவும் இல்லை. நம்மால் முடியாதது இது, முடிவது இது என்று பிரித்துப் பார்த்து, நடுவில் ஒரு கயிற்றைக் கட்டினார் பாருங்கள், ஆன்மீகம் அங்கே இருக்கிறது.

இதை ஏன் இன்று எடுத்தேன் என்றால், ஒரு தம்பி கேட்ட கேள்விக்காக. நம் ஏரி சீரமைப்புப் பணிக்குப் பெயர் கொடுத்தவர். கொடுத்த கொஞ்ச நாளில் வண்டியில் சறுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டை இப்போதுதான் பிரித்திருக்கிறார்கள். "ஐயா, சொன்ன வார்த்தை இருக்கிறது. கோடை போனால் தூர் வார முடியாது. அம்மா போகாதே என்கிறார். போகவா, வேண்டாமா?" என்று கேட்டார்.

தம்பி, அம்மா சொல்வதும் சரி. நீங்கள் வருவதும் சரி. இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் அம்மாவின் பக்கம். கட்டைப் பிரித்தவுடன் கால் பழைய கால் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். ஆறு வாரம், எட்டு வாரம் அசையாமல் கிடந்த கால் அது. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து பாருங்கள். அடிபட்ட பக்கம் கெண்டைச் சதை வற்றியிருப்பது கண்ணுக்கே தெரியும். கணுக்கால் மடங்க மறுக்கும். ஏரிக்குள் தரை எப்படி இருக்கும்? மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்தது போலத் தெரியும், கால் வைத்தால் அடியில் உளை. நல்ல கால் உள்ளவனுக்கே முழங்கால் வரை இறங்கும். உள்ளே உடைந்த பாட்டில் இருக்கும், சிலை கரைத்த கம்பி இருக்கும், சீமைக் கருவேல முள் இருக்கும். காயம் ஆறாத காலோடு தேங்கின தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமி அந்தக் காயத்தின் வழியாகவே உடம்புக்குள் போகும். டி.டி. ஊசி போட்டுக்கொள்ளாமல் இந்தப் பணிக்கு யாருமே வரக் கூடாது, அடிபட்டவர், அடிபடாதவர் இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

"சேவைக்குப் போகும்போது உடம்பைப் பார்க்கலாமா? அப்பர் சுவாமிகள் பார்த்தாரா?" என்று ஒரு கேள்வி வரும். கயிலைக்குப் போகிறேன் என்று கிளம்பினார் அப்பர் என்கிற நாவுக்கரசர். கால் தேய்ந்தது, கையால் ஊன்றிப் போனார். கை தேய்ந்தது, மார்பால் ஊர்ந்தார். அதுவும் தேய்ந்தது, புரண்டார். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். இறைவன் முனிவர் வடிவில் வந்து, இந்த உடம்போடு கயிலை அடைவது அரிது, திரும்பிப் போ என்றான். நாவுக்கரசர் மறுத்தார். மறுத்தவரை இறைவன் மேலும் புரள விட்டானா? தேய்ந்த அங்கங்களைத் திருப்பிக் கொடுத்தான். அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னான். எழுந்த இடம் திருவையாறு. கயிலைக் காட்சியும் அங்கேயே கிடைத்தது. அதன் பிறகும் ஊர் ஊராகப் போய் உழவாரம் பிடித்து, 81 வயதில் திருப்புகலூரில் இறைவனடி சேர்ந்தார் என்பது வரலாறு. வைராக்கியத்தை மெச்சினான் ஆண்டவன், ஆனால் உடம்பை அழித்துக்கொள்ள விடவில்லை. புல் செதுக்க ஆள் வேண்டும், கை வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆகவே, வலியைப் பொறுத்துக்கொண்டு மண் சுமந்தேன் என்று சொல்வதில் எனக்கு மரியாதை இல்லை. மேடைகளில் இதைத் தியாகம் என்று புகழ்கிறார்கள். பல நேரம் அது தியாகம் இல்லை, நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அந்த ஒருவர் மறுபடி விழுந்தால் நாலு பேர் வேலையை விட்டுவிட்டு அவரைத் தூக்க வேண்டும். அன்றைய பணி அத்தோடு போயிற்று.

சரி, இப்போது தம்பியின் பக்கம் வருகிறேன். அதற்குத் திருமலைக்குப் போக வேண்டும். சைவ மேடையில் வைணவக் கதையா என்று முகம் சுளிக்க வேண்டாம். குளம் வெட்டுகிற இடத்தில் திருநீறும் திருமண்ணும் ஒரே சேற்றில்தான் நிற்கும்.

திருவேங்கடமுடையானுக்குப் பூக்கைங்கரியம் செய்ய யார் போவீர்கள் என்று ராமானுஜர் திருவரங்கத்தில் கேட்டார். மலையோ குளிர் மலை. எழுந்தவர் அனந்தாழ்வான். திருமலையில் நந்தவனம் போட்டார். செடிக்குத் தண்ணீர் வேண்டுமே, ஏரி வெட்ட ஆரம்பித்தார். அவர் வெட்ட, கர்ப்பிணியான மனைவி மண்ணைச் சுமந்து கொட்டினார். ஒரு சிறுவன் வந்தான். "நானும் சுமக்கிறேன்" என்றான். அனந்தாழ்வான் விரட்டினார். இது எங்கள் கைங்கரியம், அடுத்தவர் கை படக் கூடாது என்பது அவர் எண்ணம். சிறுவன் போகவில்லை. அவர் கண்ணில் படாத இடத்தில் அந்த அம்மாளின் கூடையை வாங்கிக் கொட்டிக் கொடுத்தான். போன கூடை இவ்வளவு சீக்கிரம் திரும்பி வருகிறதே என்று சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தவர், கோபத்தில் கடப்பாரையை வீசினார். சிறுவனின் முகவாயில் பட்டது. அவன் ஓடி மறைந்தான். சந்நிதியில் பார்த்தால் பெருமாளின் முகவாயில் ரத்தம். அந்தக் காயத்துக்கு வைத்த பச்சைக் கற்பூரம் இன்றும் திருமேனியின் முகவாயில் இருக்கிறது. அந்தக் கடப்பாரையும் கோயில் மகாத்துவாரத்தில் தொங்குகிறது. போனால் அண்ணாந்து பாருங்கள்.

பெருமாளுக்குக் காயம் பட்டது எதனால்? உதவி வேண்டாம் என்று ஒரு பக்தன் சொன்னதனால். எல்லாவற்றையும் நானே செய்வேன் என்கிற பிடிவாதம் பக்தியிலும் ஒளிந்துகொள்ளும். தண்டியடிகள் கயிற்றைப் பிடித்தார், வெட்கப்படவில்லை. அடிபட்டவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊன்றுகோல் வேண்டுமா, எடுத்து வாருங்கள். நாற்காலி வேண்டுமா, கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரைத் தூக்கிவிடச் சொல்லுங்கள். கேட்பதும் பணிவுதான்.

தண்டியடிகள் கதையில் இன்னொன்று இருக்கிறது. சாதாரணமாகச் சொற்பொழிவுகளில் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர் வெட்டும்போது சமணர்கள் வந்து, மண்ணைத் தோண்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்கிறார்கள். பிறகு பேச்சு ஏளனமாக மாறி, மண்வெட்டியைப் பிடுங்கும் வரை போகிறது. அது சமயப் பூசல் நடந்த காலத்துக் கதை. அந்தச் சண்டையை இங்கே கொண்டுவர எனக்கு விருப்பமில்லை. ஆனால் முதலில் அவர்கள் கேட்டது நல்ல கேள்வி. ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைனை விட்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை வழித்து எடுக்கிறோம். கோரைப் புதருக்குள் நீர்க்கோழி முட்டையிட்டிருக்கும். சேற்றுக்குள் ஆமை பதுங்கியிருக்கும். இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது. மண் சுமந்து ஓடுகிறவருக்கும் தெரியாது. கரையில் ஒரு மரநிழலில் காலையெல்லாம் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். எந்தப் புதருக்குள் பறவை இரை கொண்டுபோகிறது, எங்கே குஞ்சுக் குரல் கேட்கிறது என்று பார்த்துக் குறித்துக் கொடுத்தால், அந்த மூலையைத் தொடாமல் விட்டுவிடலாம். தம்பி, இந்த வேலைக்கு எங்களிடம் ஆள் இல்லை. ஓடுகிற கால் உள்ளவர்கள் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்!

அடுத்தது நாற்றங்கால். செம்மண், மணல், மக்கின தொழுவுரம் மூன்றையும் கலந்து பையில் நிரப்ப வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம். கை அடிபட்டவர்கள் ஒரு கையாலேயே விதை பொறுக்கலாம். புங்கன் காயை உடைத்து, சொத்தையைத் தள்ளி, நல்லதை எடுத்து வைக்க ஒரு கை போதும்.

இதில் ஒரு பொருத்தம் இருக்கிறது, கேளுங்கள். இப்போது பங்குனி, பை நிரப்புகிற காலம், உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். அதற்குள் கால் குனிய, குந்தப் பழகியிருக்கும். போய்ப் பொறுக்கலாம். சதையைக் கழுவி நிழலில் உலர்த்திச் சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும், அடுத்த வருஷத்துக்கு என்று எடுத்து வைத்தால் வேம்பு முளைக்காது. ஆவணி, புரட்டாசியில் பனங்கொட்டை. பனையின் முளை நேராகப் பூமிக்குள் ஆழமாக இறங்கும், பையில் வளர்த்துப் பிடுங்கி நடுகிற சாதி இல்லை, கரையிலேயே குழி போட்டுப் புதைக்க வேண்டும். அதற்குள் கரை முழுக்க நடக்கக் கால் தயாராகிவிடும், டாக்டர் சரி என்றால். ஐப்பசி மழை வந்து ஏரி நிறையும்போது நீங்கள் ஒரு சுற்றுப் பணியை முடித்திருப்பீர்கள். ஏரிக்குள் இறங்கி மண் சுமக்கவில்லையே என்று அப்போது யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை. கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பணி தொடங்குகிறது. கரைக்கு வடக்கே புளியமரத்தடியில் நாற்காலியும் பாயும் போட்டு வைத்திருப்போம். கட்டுப் போட்டவர்கள், அறுவைசிகிச்சை முடிந்தவர்கள், முட்டி வலி உள்ள பெரியவர்கள் நேராக அங்கே வந்துவிடலாம். வருவதற்கு முன்னால் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டி வாருங்கள். அம்மா வந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் வேலை இருக்கிறது.