வரைந்த கை யாருடையது?



சில வருஷங்களுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு தகப்பனார் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் தம் மகனுடன் என் அறைக்கு வந்தார். பள்ளிகளிலிருந்து படங்கள் அனுப்பும் ஓவியப் போட்டி ஒன்றில் பையனுக்கு முதற் பரிசு. கோப்பையை என் மேசைமேல் வைத்து, ஆசீர்வதிக்கக் கேட்டார். பையனோ தலை நிமிரவில்லை. தகப்பனார் சற்று வெளியே போன சமயம் மெல்லச் சொன்னான்: "சாமி, நான் எங்கள் வீட்டுக் கிணறுதான் போட்டேன். டிராயிங் மாஸ்டர் அழித்துவிட்டு அவரே போட்டார். கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேணுமா?"

(இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதல்ல, எழுதுவதற்கு அவர்கள் சம்மதமும் உண்டு.)

ஒழுக்க சாஸ்திரம் படித்தவனுக்கு உடனே பதில் வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. அந்த மாஸ்டரைத் திருடன் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. பள்ளி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். வாரத்திற்கு ஒரு பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். ஒரு கோப்பை வந்தால்தான் அவருடைய பாடத்தைப் பாடமென்று மதிப்பார்கள்.

"பார்த்துப் போட்டுத்தானே எந்தக் கலையும் வரும்?" என்று நீங்கள் கேட்கலாம். மெய்தான். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வார்க்கும் குடும்பங்களில் பிள்ளைகள் பெரியவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் செய்வதைப் பார்த்தே தொழில் கற்றார்கள். ஆனால் தகப்பன் செய்த சிலையை மகன் செய்ததென்று காட்டுவது வேறு காரியம். நகல் எடுப்பதில் குற்றமில்லை. நகலுக்கு வேறு பெயர் இடுவதில்தான் இருக்கிறது.

ஆசிரியர் எவ்வளவு தூரம் உதவலாம்? அர்ச். தாமஸ் அக்குவினாஸ் ஆசிரியரை வைத்தியருக்கு ஒப்பிடுகிறார். குணமாவது நோயாளியின் உடம்பில் உள்ள இயற்கைச் சக்தியால். வைத்தியர் அதற்குத் துணை. ஓவிய வகுப்பில் இதைக் கண்ணாரக் காணலாம். கிணற்றின் வாய் வட்டமென்று பையனுக்குத் தெரியும், ஆகவே வட்டமாகவே போடுகிறான். கிணறு கவிழ்ந்தாற்போல் ஆகிவிடுகிறது. அவன் கையில் ஒரு டம்ளரைக் கொடுங்கள். கண் மட்டத்தில் பிடித்தால் விளிம்பு ஒரே கோடு. சிறிது இறக்கினால் நீள்வட்டமாகத் திறக்கும். இன்னும் இறக்கினால் அகலும். இதற்கு இரண்டு நிமிஷம் போதும். அதன்பின் அவனே அழித்து அவனே போடுவான். மாஸ்டர் காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் தனித்தாளில் காட்டட்டும். பிள்ளையின் தாளில் அவர் கோடு விழுந்தால், "உன் கண்ணை நம்பாதே" என்பதே அவன் கற்கும் பாடம்.

இங்கிலாந்தில் டட்லி என்னும் தொழில் நகரத்தின் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு, 1912-ல் மரியன் ரிச்சர்ட்சன் என்ற இளம் ஆசிரியை வந்தார். மாதிரிப் படத்தைப் பார்த்துப் போடச் சொல்வதற்குப் பதில், ஒரு காட்சியை வாயால் விவரிப்பார். பெண்கள் கண்ணை மூடி மனத்தில் கண்டபின் வரைவார்கள். அந்தச் சிறுமிகளின் படங்களை 1917-ல் ரோஜர் ஃபிரை என்ற பெயர்பெற்ற கலை விமர்சகர் லண்டனில் காட்சிக்கு வைத்தார். பெரியவர் கை படாததாலேயே அவற்றுக்கு மதிப்பு.

தாய்மாரே, பள்ளிக்குக் கொடுக்கும் சார்ட்டை இரவு பதினொரு மணிக்கு யார் வரைகிறார்கள்? கேட்டதற்காகக் கோபிக்க வேண்டாம். எனக்கும் என் அக்காதான் வரைந்து கொடுத்தாள்.

பையனுக்கு வருகிறேன். அவன் கேட்டு மாஸ்டர் வரையவில்லை. ஆகையால் அவன்மேல் பெரிய குற்றம் இல்லை என்றேன். "அப்படியானால் இரண்டாவது வந்த பையன்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குமுன் என் சாஸ்திரம் வாயடைத்துப் போயிற்று. தகப்பனாரை உள்ளே அழைத்து, மகனையே சொல்ல வைத்தேன். மனிதர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு கோப்பையைத் துண்டில் சுற்றினார். தலைமை ஆசிரியரிடம் போக வேண்டாம், முதலில் மாஸ்டரைத் தனியே பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

போய்ப் பார்த்தார்கள். மாஸ்டர் முதலில் கோபப்பட்டாராம். அப்புறம், அழித்த கிணறு எப்படி இருந்தது, இன்னொரு தரம் போட்டுக்காட்டு என்று பையனிடம் ஒரு தாளை நீட்டினாராம்.