சுரைக்காயோடு குதித்தவன்

போன வாரம் கோலா கங்சாரில் ஒரு லாபு சாயோங் வாங்கினேன். ஆற்றுக்கு அக்கரைச் சாயோங்கில் செய்யும் மண்குடுவை, சுரைக்காய் வடிவம். சுட்ட சூட்டோடு உமியில் புதைத்து எடுப்பார்கள், அந்தக் கறுப்பு அதனால் வருவது. அதைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் மலாய் நாட்டுக்கதையில் வரும் சீ லுஞ்சாய் ஞாபகம்.

மலாய்ப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ராஜா அவனைக் கடலில் தள்ளச் சொல்கிறார். சுரைக்காய்களோடு படகேறியவன், துடுப்புப் போடுகிறவர்களுக்கு ஒரு பாட்டுக் கற்றுக்கொடுக்கிறான். அவன் குதித்துவிட்டான் என்று பாதிப்பேர் பாட வேண்டும், போனால் போகட்டும் என்று மீதிப்பேர் பதில் பாட வேண்டும். பாட்டு சூடுபிடித்ததும் நிஜமாகவே குதித்து, சுரைக்காயைப் பிடித்துக்கொண்டே கரை சேர்ந்துவிடுகிறான்!

இந்தக் கதை 1908-ல் ‘செரித்தா ஜெனாக்கா’ தொகுப்பில் அச்சேறியது. பாக் காடோக்கும் அதில்தான் இருக்கிறார். சேவற்சண்டையில் தன் சேவலை ராஜாவின் சேவலோடு மாற்றிக்கொண்டதையே மறந்து, தன் பழைய சேவல் ஜெயித்ததும் காகிதச் சட்டை கிழியக் கிழியத் துள்ளியவர். பந்தயத்தில் போனது அவருடைய கம்போங்.

தொகுத்தவர் யார் என்றால் வின்ஸ்டெட் என்பார்கள். 1902-ல் மலாயாவுக்கு வந்து பேராக்கில் வேலை பார்த்த ஆங்கில அதிகாரி. கூடச் சேர்ந்து தொகுத்தவர் ஸ்டரோக். ஆனால் உட்கார்ந்து எழுதியவர் செண்டெரியாங் ஊர்க்காரரான ராஜா ஹாஜி யஹ்யா. நான் படித்த பாடநூலில் அவர் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. கதைகளை அவருக்கு முன்னே சொல்லிச் சொல்லி வைத்திருந்தவர்களை எங்கே போய்த் தேட?

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் அப்படி ஒருவர் இருந்தார், என் பாட்டி. பெற்றவர்கள் மரம் சீவப் போனதும் தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே கதை சொல்வார். ஓணானுக்குப் பெண் பார்க்கப் போன கதை எனக்குப் பெண்வீட்டு வாசல்வரைதான் தெரியும். மகள் மிச்சத்தைக் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் கேட்டேன். கல்யாணமே நடந்துவிட்டது என்றார். பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதுவரை சொன்னார். எழுதிக்கொள்ளட்டுமா என்றேன்.

“இதையெல்லாம் போயி எதுக்குடா?” என்றார். என் கையில் அப்போது மளிகைச் சீட்டுதான் இருந்தது. அதன் பின்பக்கம் நிரம்பிவிட்டது, ஓணான் இன்னும் தாலி கட்டவில்லை.